ஒரு சொல்லின் உருவம்

எழுத்துக்கு ஒலிவடிவம், வரிவடிவம் என இரு வடிவங்கள் உண்டென்று இலக்கணம் கற்கத் தொடங்கும் சிறுவனுக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். ஒலிவடிவத்தைப் பற்றி நம்மவர் ஆராய்ந்த அளவு பெரிது. பிறப்பிடம், முயற்சி, மாத்திரை என்று அதனை நுணுகி நுணுகி நோக்கியுள்ளனர். வரிவடிவமோ பெரும்பாலும் ஒலியைச் சுமந்து செல்லும் வண்டியாகவே கருதப்பட்டு வந்தது. வாசிப்பவன் வண்டியைப் பார்ப்பதில்லை; அதிலிருந்து இறங்கும் பொருளையே பார்க்கிறான்.

அந்த வரிவடிவத்தையே பேசவைக்க முடியுமா? ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு படமும் வரையாமல், அச்சொல்லின் எழுத்துகளைக் கொண்டே அதன் பொருளைக் கண்முன் நிறுத்த முடியுமா? இக்கேள்விக்குத் தம் வாழ்நாளையே விடையாகத் தந்த ஒருவர் அமெரிக்காவிலே, நியூயோர்க் மாநகரிலே வாழ்ந்தார். ஹேர்ப் லுபாலின் என்பது அவர் பெயர். அச்சுக்கலையும் எழுத்தமைப்பும் பயில்வோர் உலகெங்கும் அறிந்த பெயர் அது. பல ஆண்டுகள் சித்திரம் கற்பித்தவன் என்ற முறையிலே அவருடைய ஆக்கங்களை நான் திரும்பத் திரும்பப் பார்த்து வந்திருக்கிறேன். அவருடைய புகழைப் பாடுவது மட்டும் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு சொல்லுக்கென்றே பிறந்த எழுத்து மற்றொரு சொல்லுக்குப் பொருந்துமா என்ற வினா அவர் வாழ்க்கையின் நடுவே நிற்கிறது. ஆசிரியர்களும் மாணவர்களும் சிந்திக்க வேண்டிய வினா அது.

இளமையும் கல்வியும்

லுபாலின் 1918ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் திகதி நியூயோர்க்கிலே ஒரு யூதக் குடும்பத்தில், இரட்டையருள் ஒருவராகப் பிறந்தார். நிறங்களைச் சரியாகப் பிரித்தறிய இயலாத குறை அவருக்கு இருந்தது. ஓவியனாக விரும்பும் ஒருவனுக்கு இதைவிடப் பெரிய தடை வேறு என்ன வேண்டும்? ஆயினும் கறுப்பு மையும் வெள்ளைத் தாளும் அவருக்குப் போதுமாயிருந்தன. நிறத்தால் கவர முடியாததை உருவத்தால் கவர வேண்டும் என்ற நெருக்கடி அவரை எழுத்தின்பால் தள்ளியது போலும் என்று நான் எண்ணுவதுண்டு.

பதினேழாவது வயதில், 1935இல், அவர் கூப்பர் யூனியன் என்னும் கல்லூரியிற் சேர்ந்தார். பீற்றர் கூப்பர் என்ற கைத்தொழிலதிபர் 1859இல் நிறுவிய கல்விக்கூடம் அது. திறமையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிக் கலையும் பொறியியலும் கற்பித்து வந்தது. அங்கேதான் எழுத்துகளை வரையும் கலையில் லுபாலினுக்குத் தீராத விருப்பம் உண்டாயிற்று. ஒரே பகுதியை வெவ்வேறு எழுத்து வகைகளில் அமைத்தால், வாசிப்பவன் உள்ளத்திலே அது வெவ்வேறு குரலாக ஒலிப்பதை அவர் கண்டார். சொல்லை எழுதுவதும் ஒரு வகையில் அதனை நடித்துக் காட்டுவதே என்பதை அந்த வயதிலேயே அவர் உணர்ந்துகொண்டார் எனலாம்.

1939இல் கல்வி முடிந்தது. காட்சிப் பலகைகள் செய்யும் நிறுவனமொன்றில் வாரம் எட்டு டொலர் சம்பளத்துக்கு வேலை கிடைத்தது. இரண்டு டொலர் கூட்டித் தருமாறு கேட்டார், வேலையே போயிற்று. பின்னர் விளம்பர நிறுவனங்களிற் பணிபுரிந்து, 1945இல் சட்லர் அன்ட் ஹெனசி என்னும் நிறுவனத்திலே கலைப் பொறுப்பாளராக அமர்ந்தார். மருந்து உற்பத்தியாளர்களுக்காக வைத்தியர்களை நோக்கி விளம்பரஞ் செய்வதே அந்நிறுவனத்தின் பெருந்தொழில். வைத்தியர்களோ ஓய்வற்றவர்கள்; நீண்ட வாசகங்களைப் படிக்க அவர்களுக்கு நேரமில்லை. ஒரு பார்வையிலே பொருள் விளங்க வேண்டும். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்த இந்தப் பயிற்சியே, ஒற்றைச் சொல்லுக்குள் ஒரு கருத்தை அடக்கும் வித்தையை அவருக்குக் கற்றுக் கொடுத்தது.

1961இல் சற்றர்டே ஈவினிங் போஸ்ட் என்னும் புகழ்பெற்ற சஞ்சிகை தன் தோற்றத்தைப் புதுப்பிக்க விரும்பி அவரை நாடியது. அவ்வாண்டு செப்டெம்பரில் வெளியான இதழின் அட்டையிலே, வரைபலகையின் முன் அமர்ந்து புதிய மகுடத்தை அமைக்கும் கலைஞர் ஒருவரை நோர்மன் றொக்வெல் தீட்டியிருந்தார். அவர் லுபாலினே. முதுகுப்புறம்தான் தெரிகிறது. தம் முகம் தெரியாமல் தாம் வரைந்த சொல் மட்டும் தெரியுமாறு நின்ற ஒரு வாழ்க்கைக்கு அது பொருத்தமான படமே. நண்பர்களிடையேயும் அவர் மிகக் குறைவாகப் பேசுபவராகவே அறியப்பட்டார்.

எதிர்நின்ற கொள்கைகள்

அக்காலத்தில் அச்சுக்கலை அறிஞர் பலர் வேறொரு கொள்கை உடையவராயிருந்தனர். பியற்றிஸ் வோட் என்னும் அம்மையார் 1930இல் இலண்டனில் ஆற்றிய உரையொன்றில், நல்ல அச்சமைப்பைத் தெளிந்த பளிங்குக் கிண்ணத்துக்கு ஒப்பிட்டார். கிண்ணம் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளிருக்கும் மதுவே தெரிய வேண்டும்; அதுபோல எழுத்து மறைந்து கருத்தே விளங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. சுவிற்சர்லாந்து நாட்டுக் கலைஞரோ ஒழுங்கையும் அளவையும் போற்றினர். எல்லாச் சொல்லுக்கும் ஒரே அமைதியான முகத்தைத் தரும் ஹெல்வெற்றிக்கா என்ற எழுத்து வகை 1957இல் அந்நாட்டிலே பிறந்தது.

இக்கொள்கைகளை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஒரு நாவலின் ஒவ்வொரு சொல்லும் நடனமாடத் தொடங்கினால், அந்த நாவலை எவன் படிப்பான்? பாடநூலுக்குப் பளிங்குக் கிண்ணமே தகும். ஆனால் ஒரு நூலின் தலைப்பு, ஒரு சஞ்சிகையின் மகுடம், ஒரு கடையின் பெயர்ப்பலகை ஆகியவை தனித்து நிற்கும் சொற்கள். கூட்டத்திலே நடப்பவன் ஒழுங்காக நடக்க வேண்டும்; மேடையிலே தனித்து நிற்பவன் பேசத்தான் வேண்டும். லுபாலின் தமக்கென எடுத்துக்கொண்டது இந்த மேடையையே.

இதற்குத் தடையாயிருந்தது தொழில்நுட்பம். ஈய எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனி உலோகக் கட்டையின் மேல் அமைந்தது. இரண்டு கட்டைகளை எவ்வளவு நெருக்கினாலும் அவற்றின் விளிம்புகள் இடைநின்று தடுக்கும். அச்சுக்கோப்பாளர் எவ்வளவு வல்லவராயினும் ஓரெழுத்தின் மடியில் மற்றோரெழுத்தை அமர்த்த அவரால் இயலாது. லுபாலின் அச்சிட்ட தாளையே கூரிய அலகினால் வெட்டி, எழுத்துகளை நெருக்கி ஒட்டினார். பிறகு, ஒளிப்படச் சுருளிலிருந்து எழுத்துகளைக் கோக்கும் முறை 1960களில் பரவியது. அதிலே கட்டையும் இல்லை, விளிம்பும் இல்லை. எழுத்துகள் தொடலாம், ஒன்றன்மேலொன்று படியலாம். உலோகம் விதித்த சிறையிலிருந்து எழுத்து விடுதலை பெற்றது.

மூன்று சொற்கள்

1964இல் லுபாலின் சொந்த நிறுவனந் தொடங்கினார். அவருடைய தலைசிறந்த ஆக்கங்களிலே ஒன்று அதையடுத்த இரண்டொரு ஆண்டுகளிற் பிறந்தது. கேட்டிஸ் என்ற பதிப்பகம் தொடங்க எண்ணிய ஒரு சஞ்சிகைக்காக, தாயும் சேயும் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரை அவர் மகுடமாக அமைத்தார். தாயைக் குறிக்கும் 'மதர்' என்ற ஆங்கிலச் சொல்லிலே வட்டமான 'ஓ' என்ற எழுத்து ஒன்று உண்டு. அந்த வட்டத்தை அவர் வயிறாகக் கண்டார். அதனுள்ளே, 'உம்' என்னும் பொருள்தரும் சுருள் வடிவான இணைப்புக் குறியை வைத்தார். அக்குறியின் வளைவுக்குள்ளே சேயைக் குறிக்கும் சொல்லைச் சிறிதாக அடக்கினார். கருவறையில் முடங்கிக் கிடக்கும் சிசு கண்முன் தோன்றுகிறது. ஒரு கோடாவது படமாக வரையப்படவில்லை, எல்லாம் எழுத்தே. லுபாலின் கருத்தைத் தர, ரொம் கார்னேஸ் என்ற எழுத்துக் கலைஞர் அதனைச் செம்மையாக வரைந்து முடித்தார். ஆனால் அந்தச் சஞ்சிகை வெளிவரவே இல்லை. மகுடம் மட்டும் பிறந்து, அதைச் சூட வேண்டிய சஞ்சிகை பிறவாமற் போயிற்று. எனினும் உலகின் அச்சுக்கலை வகுப்புகளில் இன்றும் அது காட்டப்படுகிறது.

திருமணத்தைக் குறிக்கும் 'மரிஜ்' என்ற சொல்லையும் அவர் இவ்வாறே ஆராய்ந்தார். ஆங்கிலத்தில் அதன் நடுவே 'ஆர்' என்ற எழுத்து இரட்டித்து வருகிறது. எத்தனையோ கோடிப் பேர் எழுதிய சொல் அது. அந்த இரட்டிப்பிலே ஒரு தம்பதியர் நிற்பதை அவர் கண்டார். ஒன்றை மறுபுறம் திருப்பி, இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டார். அவ்வளவுதான்; சொல் தன் பொருளைத் தானே சொல்லியது.

மூன்றாவது, அவர் வாழ்நாளின் இறுதியில், 1980இல், றீடர்ஸ் டைஜஸ்ட் நிறுவனத்தாரின் சஞ்சிகை ஒன்றுக்காகச் செய்தது. குடும்பங்கள் என்று பொருள்படும் 'பமிலீஸ்' என்ற சொல். அதன் நடுவே 'ஐ', 'எல்', 'ஐ' என மூன்று மெலிந்த எழுத்துகள் அடுத்தடுத்து நிற்கின்றன. லுபாலின் கைபட்டபின் அவை ஒரே வீட்டு மனிதர் மூவராகக் காட்சி தருகின்றன.

தேடும் முறை

இம்மூன்றிலும் பொதுவாயுள்ள தன்மையை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நான் வகுப்பிலே, ஒரு சொல்லை மட்டும் எடுத்து அதன் பொருள் தோன்ற எழுதுக என்று பயிற்சி கொடுப்பதுண்டு. மழை என்ற சொல்லைக் கொடுத்தால் எழுத்தின் அடியிலே துளிகள் சொட்டும். தீ என்றால் எழுத்தின் தலையிலே சுவாலை எழும். பனி என்றால் வெண்தொப்பி அணிந்துகொள்ளும். பிள்ளைகள் சொல்லுக்கு ஆபரணம் பூட்டுகிறார்கள். சொல்லை உற்றுப் பார்ப்பதில்லை. அந்தத் துளியையும் சுவாலையையும் எந்தச் சொல்லின்மேலும் ஒட்டலாம். லுபாலின் வெளியிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை. சொல்லுக்குள்ளே ஏற்கெனவே ஒளிந்திருந்த வட்டத்தையும், இரட்டிப்பையும், மூன்று குச்சிகளையும் கண்டெடுத்தார்.

இதற்கு அவர் பின்பற்றிய வழி பொறுமையானது. மெல்லிய ஒளிபுகு தாளை எடுப்பார். பேனாவினால் சொல்லை எழுதுவார். அதன்மேல் இன்னொரு தாளை விரித்து, முன்னையதிலே நன்றாக வந்ததை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றுவார். அதன்மேல் மற்றொன்று. பெரிய எழுத்தாக, சிறிய எழுத்தாக, நெருக்கி, விலக்கி, ஏற்றி, இறக்கி எழுதிப் பார்ப்பார். எழுத்துகள் தற்செயலாகத் தொட்டுக்கொள்ளும் இடம் ஒன்றிலே கருத்துப் பிறக்கும். பிறந்தபின் அவ்வரைவை எழுத்துக் கலைஞரிடம் ஒப்படைப்பார். ஜோன் பிஸ்ரிலி, ரொம் கார்னேஸ் முதலியோரின் கைத்திறன் இல்லாவிடின் அவர் கருத்துகள் பல அரைகுறையாகவே நின்றிருக்கும். புகழ் ஒருவர் பெயரால் நின்றாலும் வேலை பலருடையது என்பதை மறக்கலாகாது.

இவ்வாறு பிறக்கும் உருவத்தை மற்றொரு மொழிக்கு மாற்ற முடியுமா? தாயும் சேயும் என்ற நம் தொடரையே பாருங்கள். ஆங்கிலத்திலே இணைப்புக் குறி இரு சொற்களுக்கும் இடையே தனித்து நிற்கிறது. தமிழிலோ 'உம்' தாயோடும் ஒட்டுகிறது, சேயோடும் ஒட்டுகிறது. ஆகவே லுபாலினின் சுருள் குறியை நாம் இரவல் வாங்க இயலாது. ஆனால் இருவரையும் ஒரே ஈற்றால் அணைக்கும் இயல்பு நம் தொடருக்கு உண்டு. அதிலிருந்து என்ன உருவம் பிறக்கும் என்பதைத் தமிழ் எழுத்தை உற்றுப் பார்ப்பவனே கண்டுபிடிக்க வேண்டும்.

கின்ஸ்பேர்க்கின் நட்பும் வழக்கும்

லுபாலினின் வாழ்விலே பெரும் பங்கு வகித்த மற்றொருவர் றால்ப் கின்ஸ்பேர்க் என்ற பத்திராதிபர். துணிவும் விளம்பர ஆசையும் மிக்கவர். இருவரும் சேர்ந்து 1962இல் ஈரோஸ் என்ற சஞ்சிகையை வெளியிட்டனர். காதலையும் காமத்தையும் கலையழகோடு ஆராய முற்பட்ட அச்சஞ்சிகை நான்கு இதழ்களோடு நின்றது. ஆபாசமானவற்றைத் தபாலில் அனுப்பியதாகக் கின்ஸ்பேர்க் மேல் வழக்குத் தொடரப்பட்டது. 1966இல் அமெரிக்க உயர்நீதிமன்று தண்டனையை உறுதி செய்தது. வெளியீடுகளின் உள்ளடக்கத்தோடு, அவை எவ்விதம் விளம்பரஞ் செய்து விற்கப்பட்டன என்பதையும் நீதிமன்று கருத்தில் எடுத்தமை குறிப்பிடத்தக்கது. 1972இல் கின்ஸ்பேர்க் எட்டு மாதங்கள் சிறையிருந்தார். ஒரு சொல் எந்த உடையிலே வீதிக்கு வருகிறது என்பது வெறும் அழகுப் பிரச்சினையன்று என்பதற்கு இவ்வழக்கும் ஒரு சான்று. இருவரும் 1964இல் தொடங்கிய பாக்ட் என்ற சஞ்சிகையும், அவ்வாண்டின் ஜனாதிபதி வேட்பாளர் பரி கோல்ட்வோட்டர் தொடுத்த மானநட்ட வழக்கிலே சிக்கியது.

அவான்ட் கார்ட்

மூன்றாவது சஞ்சிகை 1968இல் பிறந்தது. முன்னணிப் படை எனப் பொருள்படும் 'அவான்ட் கார்ட்' என்பது அதன் பெயர். இப்பெயருக்கு உருவங் கொடுப்பது லுபாலினுக்கும் எளிதாக இருக்கவில்லை. முதல் முயற்சிகள் பத்திராதிபருக்குத் திருப்தி தரவில்லை. கின்ஸ்பேர்க்கின் மனைவியார் சொஷானா, விமானமொன்று ஓடுபாதையிலிருந்து எதிர்காலத்தை நோக்கிச் சாய்வாக மேலெழுவதைக் கையினாலே காட்டி விளக்கினார் என்றும், மறுநாட் காலை வேலைக்குச் செல்லும் வழியிலே காரை நிறுத்தி, விடை கிடைத்துவிட்டதெனக் கின்ஸ்பேர்க்குக்கு லுபாலின் தொலைபேசியில் அறிவித்தார் என்றும் கூறுவர்.

அந்த விடை என்ன? ஆங்கிலத்து 'ஏ' என்ற எழுத்துக் கூரை போன்றது; 'வீ' அதன் தலைகீழ் வடிவம். இரண்டின் சாய்வும் ஒன்றே. அடுத்தடுத்து வரும் அவற்றைச் சாய்வோடு சாய்வாக நெருக்கி, அடுத்த எழுத்துகளையும் அவ்வாறே பின்னி, மேலும் கீழுமாக இரு சொற்களையும் ஒரே கட்டாக்கினார். அந்தச் சாய்வே மேலெழும் விமானமாயிற்று. கார்னேஸ் அதனை வரைந்து முடித்தார். வியட்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்நாட்களிலே, யுத்தத்தை எதிர்க்கும் சுவரொட்டிப் போட்டியொன்றை அச்சஞ்சிகை நடத்தியது. அதன் அறிவித்தலை அமெரிக்கக் கொடியின் வடிவிலே எழுத்துகளைக் கொண்டே லுபாலின் அமைத்தார்.

மகுடத்தோடு கதை முடிந்திருந்தால் நன்று. ஆனால் உள்ளே வரும் தலைப்புகளுக்கும் அதே பாணியில் எழுத்துகள் வேண்டியிருந்தன. ஒன்றொன்றாக எழுத்துகள் சேர்ந்தன. 1970இல் லுபாலினும் ஏரன் பேர்ன்ஸ், எட்வேட் ரொன்தாலர் என்போரும் சேர்ந்து இன்ரர்நெஷனல் ரைப்பேஸ் கோப்பரேஷன் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். ஒளிப்பட முறை வந்தபின் பிறர் வரைந்த எழுத்துகளைத் திருடிப் பிரதி செய்வது மிக எளிதாகிவிட்டது. எழுத்தைப் படைத்தவனுக்கு உரிய பங்கு கிடைக்க வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் நோக்கங்களுள் ஒன்று. நியாயமான நோக்கமே. அந்நிறுவனம் முதலிலே வெளியிட்ட எழுத்து வகைகளில் 'அவான்ட் கார்ட் கொதிக்' முக்கியமானது.

ஒரு சொல்லுக்கென்று பிறந்த பின்னல் எழுத்துகள் இப்போது எல்லாக் கடைகளிலும் விலைக்கு வந்தன. வாங்கியவர்கள் அவற்றை எல்லாச் சொற்களிலும் பின்னினர். சாய்வு வேண்டாத இடத்தில் சாய்வு, நெருக்கம் வேண்டாத இடத்தில் நெருக்கம். 1970களின் விளம்பரங்களிலும் பெயர்ப்பலகைகளிலும் இது ஒரு தொற்றாகப் பரவியது. அந்த எழுத்து உண்மையிலே அழகாயிருப்பது அதன் சொந்தப் பெயரிலே மட்டுந்தான் என்று தொழில் வல்லுநரே கேலி செய்தனர். தாம் படைத்தது இவ்விதம் கையாளப்படுவதைக் கண்டு லுபாலினும் வருந்தினார்.

இங்கேதான் நான் முதலிற் கூறிய வினாவுக்கு விடை கிடைக்கிறது. 'ஏ'யும் 'வீ'யும் அடுத்தடுத்து வந்தது அந்தச் சொல்லின் அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்தைக் கண்டுபிடித்ததே லுபாலினின் கலை. அதிர்ஷ்டத்தை எழுத்துப் பெட்டியிலே அடைத்து விற்க முடியாது. விற்றபோது வாங்கியவர்களுக்குக் கிடைத்தது வடிவம். கிடைக்காதது, அவ்வடிவம் பிறந்த காரணம். மணமகளின் அளவுக்குத் தைத்த சட்டையை ஊரிலுள்ள எல்லாரும் அணிந்துகொண்டால் ஊர் மணக்கோலம் பூண்டதாகிவிடுமா?

இறுதிக் காலம்

அந்நிறுவனத்தின் சார்பில் 1970களின் முற்பகுதியில் தொடங்கப்பட்ட 'அப்பர் அன்ட் லோவர் கேஸ்' என்ற ஏட்டின் ஆசிரியராயும் அமைப்பாளராயும் லுபாலின் இறுதிவரை பணிபுரிந்தார். செய்தித்தாள் போன்ற பெரிய தாளிலே, எழுத்துகளை எப்படியெல்லாம் அமைக்கலாம் என்பதற்குப் பயிற்சிக் களமாக அது விளங்கியது. 1980ஆம் ஆண்டுக்குரிய அமெரிக்க வரைகலை நிறுவகத்தின் பதக்கமும் அவரை அடைந்தது. 1981 மே 24ஆம் திகதி, தம் அறுபத்து மூன்றாவது வயதில், அவர் மறைந்தார்.

அவருடைய முறையை வரம்புமீறிப் பின்பற்றியவர்கள் எழுத்தை வாசிக்க முடியாத வித்தையாக்கினர் என்பதும் உண்மை. அந்தக் குற்றச்சாட்டின் ஒரு பகுதி அவரையும் சாரும். அவருடைய மிக நெருக்கமான தலைப்புகள் சில இன்று கண்ணுக்குச் சலிப்புத் தருகின்றன. தாயும் சேயுமோ இன்னும் சலிக்கவில்லை. ஒரு பாணிக்கு வயதாகும். ஒரு சொல்லை உண்மையாக வாசித்ததன் பயனுக்கு வயதாவதில்லை.

அவர் கட்டணமின்றிக் கற்ற கூப்பர் யூனியனிலேயே 1985இல் அவர் பெயரால் ஓர் ஆய்வு நிலையம் நிறுவப்பட்டது. அச்சேறிய ஆக்கங்களோடு, அவர் பேனாவால் வரைந்த மெல்லிய தாள்களும் அங்கே பேணப்படுகின்றன. மாணவர்களுக்கு நான் காட்ட விரும்புவது அத்தாள்களையே. முடிந்த மகுடத்தைப் பார்ப்பவன் அதனைப் பிரதி செய்யவே முயல்வான். தாள்மேல் தாளாக அடுக்கப்பட்ட முயற்சிகளைப் பார்ப்பவனோ, தன் சொல்லை எடுத்துக்கொண்டு, முதல் தாளை விரிக்கத் தொடங்குவான்.